மதிலில் விழுந்த வெடிப்பு



எங்கள் வன்னி பெரும்பாலும் சமதரை. ஆயினும் வெள்ளத்துக்கு அஞ்சி வளவுக்கு மண் நிரப்பி உயர்த்தி, அது சரியாதிருக்க ஓரத்தில் மதில் எழுப்பிய வீடுகள் இங்கே உண்டு. 2018 டிசம்பர் பிற்பகுதியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு அந்த அச்சம் புரியும்.

அத்தகைய மதிலில் வெடிப்பு விழுந்தால் என்ன செய்கிறோம்? ஒரு சட்டி சீமெந்தைக் குழைத்து மேலே பூசி விடுகிறோம். அடுத்த மாரியில் அதே இடம் மறுபடி பிளக்கிறது. ஏனென்றால் நோய் மதிலின் முகத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் மதிலின் பின்னால் தேங்குகிறது. ஈரம் ஏறிய மண் பாரம் கூடி முன்னால் தள்ளுகிறது. களிமண்ணாக இருந்தால் மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, இன்னும் அதிகமாக அலைக்கழிக்கும். போதாததற்குக் குசினித் தண்ணீரையும் குளிக்கும் தண்ணீரையும் நாமே அந்த ஓரத்தில் விட்டு வாழை வளர்க்கிறோம்!

ஆகவே முதல் வேலை தண்ணீரைத் திருப்புவது. கூரைத் தண்ணீரும் குசினித் தண்ணீரும் மதிலடிக்குப் போகாமல் சிறு வாய்க்கால் வெட்டுங்கள். அது பக்கத்து வளவுக்குள் பாயாதிருக்கவும் பார்த்துக்கொள்ளுங்கள். மதிலில் முளைத்த ஆல், அரசங் கன்றுகளை இளசிலேயே களையுங்கள். அடுத்து, நிலமட்டத்துக்கு அரையடி மேலே, நான்கைந்து அடிக்கு ஒன்றாக, இரண்டு அங்குலக் குழாய்களை வெளிப்புறம் சற்றுச் சாய்வாக மேசனைக் கொண்டு வைப்பியுங்கள். குழாயின் உள்வாயில் சல்லிக்கல் போட்டால் மண் வந்து அடைக்காது.

இவ்வளவும் செய்த பிறகே வெடிப்பை மூட வேண்டும். மயிரிழை போன்ற வெடிப்பு பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். சந்தேகமானால் வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் மதில் இன்னும் அசைகிறது என்று பொருள். அசையாத வெடிப்பை உளியால் சற்று அகலமாக்கி, தூசு தட்டி, நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையை உள்ளே இறுக்கி அடைக்கலாம். எங்கள் வெயிலுக்கு ஏழு நாளாவது ஈரச்சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். மதில் வயிறு தள்ளியிருந்தால் அல்லது சாய்ந்திருந்தால் பூச்சு வேலை உதவாது. தேர்ந்தவரைக் கொண்டு பிரித்துக் கட்டுவதே வழி. அதுவரை பிள்ளைகளை அதன் கீழே விளையாட விடாதீர்கள். இவற்றை ஒக்டோபர் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இன்னுமொன்று. போர் நடந்த பூமி இது. மதிலின் பின்னால் தோண்டும்போது இனந்தெரியாத இரும்போ பிளாஸ்டிக்கோ தென்பட்டால் தொடவேண்டாம். எல்லோரும் விலகி நின்று பொலிசாருக்கு அறிவியுங்கள்.

மதில் என் வளவில்தானே நிற்கிறது, விழுந்தால் எனக்குத்தானே நட்டம் என்று சிலர் நினைக்கலாம். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. ஃபிக்ஹு நூல்களில் சாய்ந்த சுவரைப் பற்றித் தனியாகவே பேசப்படுகிறது. சுவர் சாய்கிறது என்று உரியவருக்கு எச்சரித்து, அதைச் சீராக்க அவகாசம் இருந்தும் அவர் பாராமுகமாக இருந்து, அது விழுந்து ஒருவர் பாதிக்கப்பட்டால் இழப்பீடு அவர் மீது சாரும் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், தொடக்கத்திலேயே சாய்த்துக் கட்டியதற்கும் நேராகக் கட்டிப் பின்னர் சாய்ந்ததற்கும் சட்டம் வேறுபடுகிறது. சட்டம் எப்படியானாலும், பிறருக்குத் தீங்கு நேர விடலாகாது என்ற பொது விதியில் கருத்து வேறுபாடு இல்லை. மதிலின் கீழே நடமாடும் அயல்வீட்டுப் பிள்ளை நம்மிடம் உள்ள அமானத்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் பல, 2009க்குப் பின் திரும்பி வந்தபோது காடேறிய வளவுகளையும் வேரோடிய சுவர்களையும்தான் கண்டன. மேசனுக்குக் கூலி கொடுக்க வழியற்ற கைம்பெண்களின் வீடுகளும், தகப்பனை இழந்த பிள்ளைகளின் வீடுகளும் முஸ்லிம், தமிழர் என்ற வேறுபாடின்றி இந்த மண்ணில் நிறைய உண்டு. அவர்களுடைய மதிலை யார் பார்ப்பது?

ஸூரத்துல் கஹ்ஃபின் 77ஆம், 82ஆம் வசனங்களை ஓதிப் பாருங்கள். மூஸா (அலை) அவர்களும், ஹிழ்ர் (அலை) என நாம் அறியும் அந்த நல்லடியாரும் ஓர் ஊருக்கு வந்து உணவு கேட்டார்கள். ஊரார் விருந்தளிக்க மறுத்தார்கள். அங்கே விழப்போகும் நிலையில் நின்ற ஒரு சுவரை அந்த நல்லடியார் நிமிர்த்தி வைத்தார். இதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்டார்கள். அந்தச் சுவர் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குரியது, அதன் கீழே அவர்களுடைய புதையல் இருக்கிறது, அவர்களுடைய தந்தை ஸாலிஹானவர் என்று பின்னர் விளக்கம் கிடைத்தது. சோறு தராத ஊரிலும் அநாதைகளின் சுவர் கூலியில்லாமல் நிமிர்த்தப்பட்டது!

வெள்ளிக்கிழமைதோறும் நம் வீடுகளில் இந்த ஸூரா ஓதப்படுகிறது. ஓதி முடித்த கையோடு அடுத்த வளவில் ஆதரவற்ற வீடு எது, அதன் மதில் எப்படி நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். வெடிப்பைக் கண்டால் உங்கள் கணவரிடமோ பிள்ளைகளிடமோ சகோதரர்களிடமோ சொல்லுங்கள். ஒருவர் இரண்டு மூடை சீமெந்து தரலாம். ஒருவர் ஒருநாள் உழைப்பைத் தரலாம். நீங்கள் பகலுணவு சமைத்துக் கொடுக்கலாம். மாரி வருமுன் ஊருக்கு ஒரு மதிலாவது இப்படி நிமிரட்டும், இன்ஷா அல்லாஹ்.