தடி தழைக்கக் கைராசி தேவையில்லை



கிராமங்களில் பெண்கள் கூடிக் கதைக்கும்போது வீட்டுத்தோட்டம் பற்றிய பேச்சு எழுந்தால் ஒரு வசனத்தை அடிக்கடி கேட்கின்றோம். "எனக்குக் கைராசி இல்லை. நான் ஊன்றினால் ஒன்றும் தழைக்காது." இப்படிச் சொல்பவர்களில் பலர் போரில் கணவனை இழந்தவர்கள், அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவனுக்காகக் காத்திருப்பவர்கள். "நீ தொடாதே, ஒரு சுமங்கலியைக் கொண்டு ஊன்று" என்று சொந்தக்காரரே சொல்வதும் உண்டு. பலர் பலமுறை சொல்லும்போது நாமும் அதை நம்பத் தொடங்கிவிடுகின்றோம். ஊன்றிய தடி ஒன்று பட்டுப்போனால் அந்த நம்பிக்கை இன்னும் இறுகிவிடுகின்றது.

ஒரு தடி பட்டுப்போவதற்குக் காரணங்கள் உண்டு. அவை வெயில், காற்று, தண்ணீர், மண் என்பனவே. ஊன்றியவரின் நெற்றியில் பொட்டு இருக்கின்றதா என்பது தடிக்குத் தெரியாது. இக்காரணங்களை விளங்கிக்கொண்டால் எவர் கையாலும் தடி தழைக்கும். இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

தடி ஏன் காய்கின்றது?

மரத்தில் நிற்கும் கொப்புக்கு வேர் தண்ணீர் கொடுக்கின்றது. வெட்டிய கொப்புக்கு வேர் இல்லை. ஆனால் அதன் இலைகள் முன்போலவே தண்ணீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வெயிலும் வரண்ட காற்றும் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். புது வேர் வருவதற்கு முன் தண்டிலுள்ள ஈரம் முடிந்துவிட்டால் தடி காய்ந்துவிடும். ஆகவே நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வேர் வரும்வரை தடியின் ஈரம் போகாமல் காக்க வேண்டும்.

எப்போது ஊன்றுவது?

வடக்கு, கிழக்கில் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. முதல் மழையில் மண் நனைந்ததும் தடி ஊன்றுவது மிக நல்லது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை அடிக்கும் சோளகக் காற்றில் வெறும் வெளியில் ஊன்றும் தடி பெரும்பாலும் காய்ந்துவிடும். அக்காலத்தில் கட்டாயம் ஊன்ற வேண்டுமானால் கிணற்றடி வாழையின் நிழலில் சாடியில் ஊன்றலாம்.

எந்தக் கொப்பு?

நோயில்லாத தாய்மரத்தில், பூவோ மொட்டோ இல்லாத கொப்பைக் காலை வேளையில் வெட்டுங்கள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, குறோட்டன், தவசி முருங்கை போன்றவற்றில் மிக இளந்தளிரும் வேண்டாம், முற்றிய அடிக்கொப்பும் வேண்டாம். பென்சில் பருமனில், 6 முதல் 8 அங்குல நீளத்தில், மூன்று நான்கு கணுக்களுடன் எடுங்கள். கூரிய கத்தியால் அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டுங்கள். அநேகமாக வேர் அக்கணுவை ஒட்டியே வரும். கீழ் இலைகளை அகற்றி, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விடுங்கள். இலை பெரிதானால் பாதியாக வெட்டிவிடுங்கள். வெட்டியவுடன் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து அன்றைக்கே ஊன்றிவிடுங்கள்.

மாதுளைக்கு முற்றிய கொப்பு நல்லது. பொன்னாங்காணி, கற்பூரவள்ளி, வற்றாளைக் கொடி ஆகியவற்றை ஈர மண்ணில் நேரடியாகவே ஊன்றலாம். ஈழத்தலரி போன்ற பால் வடியும் மரங்களின் கொப்பை மட்டும் நான்கைந்து நாட்கள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பின் ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் அழுகிவிடும். மரவள்ளித் தடியை, இலை சுருங்கி மஞ்சள் தேமல் விழுந்த செடியிலிருந்து எடுக்க வேண்டாம். நோய் தடியோடு கூடவே வரும். தென்னை, பப்பாசி போன்றவற்றை இம்முறையில் உண்டாக்க முடியாது. கறிவேப்பிலைக்கு வேரடியில் வரும் கன்றே இலகுவானது.

மண்ணும் நிழலும்

ஆற்றுமணலும் தும்புச்சோறும் சம அளவில் கலந்தால் போதும். தும்புச்சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது கூடாது. கிணற்றுநீர் உவர்ப்பான இடங்களில் மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுங்கள். வேர் வரும்வரை எருவோ பசளையோ போட வேண்டாம். அடியில் துளையிட்ட யோகட் கோப்பையே நல்ல சாடியாகும்.

ஒரு குச்சியால் துளையிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு தடியை ஊன்றி, சுற்றிலும் அழுத்திவிடுங்கள். மேலே கிடுகால் சிறு பந்தல் போடலாம். அல்லது கோப்பையைப் பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைக்கலாம். மூடிய பையை வெயிலில் வைத்தால் உள்ளே தடி வெந்துவிடும். நாளுக்கு ஒருமுறை பையைச் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. தண்ணீர் குறைந்து பட்டுப்போவது போலவே, கூடி அழுகிப்போவதும் உண்டு.

இரண்டு வாரத்தில் துளிர் வந்துவிட்டதென்று மகிழ்ந்து வெயிலில் வைத்துவிடாதீர்கள். தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டு, வேர் வருமுன்பே துளிர் வரலாம். இப்படித் துளிர்த்துக் காயும் தடிகளே "கைராசி இல்லை" என்ற பேச்சுக்கு அதிகம் இடம் கொடுக்கின்றன. பிடுங்கிப் பார்க்கவும் வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரங்களின் பின் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடிப்பு இருந்தால் வேர் வந்துவிட்டது. பின்னர் இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி மாற்றி நடலாம். பத்துத் தடி ஊன்றினால் பத்தும் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. தேவைக்குச் சற்று அதிகமாகவே ஊன்றுங்கள்.

முருங்கையும் கதியாலும்

முருங்கைக்கு மூன்று முதல் ஐந்து அடி நீளமான முற்றிய கொப்பு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. ஊன்றிய ஒரு வருடத்திற்குள்ளேயே காய்க்கத் தொடங்கலாம். அதன் இலை பிள்ளைகளுக்குப் போசாக்கான கறி.

கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்கள் எமது வளவுகளின் வேலியாகும். கதியாலைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை கிழிந்து பழுதாகும். அலவாங்கால் குழியிட்டு இறக்கி மண்ணை இறுக்குங்கள். தனித்து வாழும் பெண்ணுக்கு வேலி என்பது பாதுகாப்பும் எல்லையும் ஆகும். 2009ஆம் ஆண்டுக்குப் பின் மீள்குடியேறிய பலர், பழைய எல்லை அழிந்துபோன வளவுகளுக்கே திரும்பினர். எனவே எல்லையில் சந்தேகம் இருந்தால் உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ எடுத்துக்கொண்டு, கிராம அலுவலரும் அயலவரும் நிற்கும்போது கயிறு கட்டி, அதன்பின் கதியால் போடுங்கள். வேர் பிடித்த வேலியைப் பின்னர் பிடுங்குவது பெரும் பகையில் முடியும்.

கதியால் வெட்டப் பற்றைக்குள் போகும்போதும் கவனம் வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் உள்ளன. சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திற்குள் போகாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

கடனில்லாத தொழில்

செவ்வரத்தை, குறோட்டன் கன்றுகளைச் சந்தையிலும் பாடசாலை விழாக்களிலும் விற்கலாம். தாய்ச்செடியின் அதே நிறப் பூ கன்றிலும் பூக்கும் என்பதால், வாங்குபவருக்கு உறுதியாகச் சொல்லி விற்க முடியும். இதற்கு நுண்கடன் எடுக்க வேண்டாம். கத்தி, மணல், வெறும் கோப்பைகள் ஆகியவையே முதல். ஊன்றிய திகதி, எண்ணிக்கை, பிழைத்தவை, விற்ற காசு என்று ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். அடுத்த முறை தடி பட்டுப்போனால், கைராசி பற்றிப் பேச வருபவருக்கு அக்கொப்பியைக் காட்டலாம். எந்த மாதம் ஊன்றியது எத்தனை பிழைத்தது என்று அது சொல்லும்.

அயல்வீட்டில் ஒரு கொப்புக் கேட்பதும், வேர் பிடித்த கன்றில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதும் எமது ஊர்களின் பழைய வழக்கம். சுபகாரியங்களுக்கு அழைக்கப்படாமல் ஒதுக்கப்பட்ட ஒரு சகோதரி உங்கள் அயலில் இருந்தால், முதற் கொப்பை அவரிடம் கேளுங்கள். உங்கள் வளவில் அவர் கையாலேயே ஊன்றச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் தேசி மரத்தில் பதி வைக்கும் முறையைப் பார்ப்போம்.