பொட்டிப்புரத்துக் குகை வெட்டப்படுமா?

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிப்புரம் கிராமத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்று அமைக்கப் போவதாக 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை முடிவு செய்து, சுமார் 1,500 கோடி ரூபாய்க்குச் சம்மதம் கொடுத்த செய்தி வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு பத்து வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. நிலத்தைச் சுற்றி வேலி போட்டதோடு சரி; மலையில் ஒரு முழங்கூடக் குடையப்படவில்லை. “அது வருமா, வராதா?” என்று போடியிலும் தேவாரத்திலும் உள்ள தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். இன்றுள்ள நிலைமையில் அது வராது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் வராது என்பதற்கு ஊரில் பலர் சொல்லும் காரணம் வேறு, நாம் சொல்லும் காரணம் வேறு.

முதலில், போட்ட திட்டம் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். மற்ற ஊர்களில் பெரிய கட்டடம் என்றால் வானத்தை நோக்கி எழும்பும். இது மலையின் வயிற்றுக்குள் கட்டவேண்டிய கட்டடம். சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குச் சுரங்கம் வெட்டி, அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட கூடம் ஒன்று அமைத்து, அதற்குள் 50,000 டன் இரும்பை அடுக்கி அதைக் காந்தமாக்க வேண்டும். பாரிஸ் பட்டணத்து ஈபிள் கோபுரத்தின் இரும்பே சுமார் 7,300 டன்தான். ஏறக்குறைய ஏழு ஈபிள் கோபுரங்களைப் பொட்டிப்புரத்து மலைக்குள் கொண்டுபோய் வைப்பதாகச் சொன்னார்கள்.

இனி, ஊரார் சொல்லும் காரணங்களைக் கவனிப்போம். நியூட்ரினோ விஷம் என்றும், அது பட்டால் ஏலக்காய்ச் செடி கருகும், பிள்ளை ஊனமாய்ப் பிறக்கும் என்றும், உள்ளே அணுகுண்டு செய்யப் போகிறார்கள் என்றும் சிலர் பேசுகிறார்கள். இதெல்லாம் நம் பாட்டிமார் முனி அடித்தது என்று சொன்னதற்கும் ஒரு படி கீழானது. சூரியனிலிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள் விநாடிதோறும் கோடானுகோடிக் கணக்கில் நம் ஒவ்வொருவர் உடம்பையும் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. பகலில் தலைவழியே நுழைகின்றன. இரவில் பூமியையே துளைத்துக்கொண்டு வந்து கால்வழியே நுழைகின்றன. மேல்ஜாதி கீழ்ஜாதி என்று பாராமல், தீட்டு என்று ஒதுங்காமல், எல்லார் உடம்பிலும் புகுந்து போவது அது ஒன்றுதான். அதனால் இதுவரை ஒருவனுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. மலைக்குள் போவது நியூட்ரினோவை உண்டாக்க அல்ல. ஆகாயத்திலிருந்து கொட்டும் மற்றக் கதிர்களைப் பாறையால் தடுத்துவிட்டு, தடுக்க முடியாத இதை மாத்திரம் எண்ணிப் பார்க்க.

அம்பரப்பர் சாமி கோபிப்பார் என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தனை வருஷமும் மலையில் வெடி வைக்கவிடாமல் நிறுத்தி வைத்தது சாமி அல்ல. 2015-ல் மதுரை ஹைக்கோர்ட்டுக் கிளையில் வழக்குப் போட்ட வைகோவும், பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போன பூவுலகின் நண்பர்களும், ஆடுமாடு மேய்க்கிற வழி போகிறதே என்று ரோட்டுக்கு வந்த ஏழை ஜனங்களுமே நிறுத்தினார்கள். மனிதன் செய்த வேலைக்குச் சாமி பேரில் ரசீது எழுதவேண்டாம்.

நிற்க. நமது காரணத்துக்கு வருவோம். இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் முதலில் போடிக்கு வரவில்லை. நீலகிரியில் சிங்காராவுக்குத்தான் போனார்கள். புலிக்காடு என்பதால் 2009-ல் அங்கே இடமில்லை என்றாகிவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இவர்களோ அடுத்தபடியாகத் தேடிப் பிடித்தது, மலை முகட்டுக்கு அந்தப்புறம் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற இடம்! 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றார்கள். அதற்கு ஆதாரமான அறிக்கையை எழுதிய நிறுவனத்துக்கு அப்படிப்பட்ட அறிக்கை எழுத அங்கீகாரமே கிடையாது என்று 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் கண்டுபிடித்து அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய சர்க்கார் மறுபடியும் அனுமதி கொடுத்தது. எந்தத் தலைப்பில் தெரியுமா? “கட்டட நிர்மாணம்” என்ற தலைப்பில்! மலையை இரண்டு கிலோமீட்டர் குடைவதும், போடிக் கடைவீதியில் ஒருவர் பெரிய மாளிகை எழுப்புவதும் ஒரே ஜாதி வேலையாகிவிட்டன. அந்த வருஷம் நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்யவில்லை என்றாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் சம்மதம் இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. 2021-ல் தமிழ்நாட்டு முதல் மந்திரி மு.க. ஸ்டாலின் இதைக் கைவிடும்படி பிரதமரைக் கேட்டார். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு சர்க்கார், இது புலிகள் நடமாடும் வழி, சாம்பலாறு கொட்டகுடியாறுகளின் நீர்ப்பிடிப்பு, ஆகையால் விடமாட்டோம் என்று சுப்ரீம் கோர்ட்டில் பிரமாணம் செய்தது. நிலம் இருக்கிற ராஜ்யமே விடமாட்டேன் என்கிறபோது குகையை யார் வெட்டுவது?

காலதாமதமானாலும் வந்தே தீரும் என்பவர்கள் போடி ரயிலைக் காட்டுகிறார்கள். 1928-ல் வந்த ரயில் 2010 முடிவில் அகலப்பாதைக்கென்று நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது என்பது உண்மை. அதையும் “இனி வராது” என்று ஏலக்காய்க் கடை வாசலில் பேசியவர்கள் நம்மில் அநேகர். ஆனால் ரயில் எதற்கு என்று ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர் முதல் முதலாளிவரை எல்லாரும் அதை வேண்டும் என்றார்கள். நியூட்ரினோவோ பொட்டிப்புரத்தார் காதில் விழுந்தபோது வேலியும் கூடவே வந்துவிட்டது. விளக்கம் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொல்லும்படி கேட்டவனுக்கு “உனக்குப் புரியாது” என்ற தோரணையில் பதில் வந்தது. ஒரு காலத்தில் வேதத்தைப் பற்றிக் கேட்டவனுக்கும் இதே பதில்தான். விஞ்ஞானிகள் புரோகிதர் வேஷம் போட்டால், ஜனங்கள் அவர்களைப் புரோகிதரை நம்புகிற அளவுக்குத்தான் நம்புவார்கள். நாம் நம்பவேண்டாம் என்று சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான்!

இதில் நமக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகிலேயே முதன்முதலாகக் கண்டவர்கள் வரிசையில் நம் நாட்டாரும் இருந்தார்கள். அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் ஏராளமானோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன தாழ்த்தப்பட்ட தோழர்கள். 1992-ல் அங்கே ஆராய்ச்சி நின்றது. நமக்குச் சம்மதம் கிடைத்த அதே 2015-ல் சீனாக்காரர் ஜியாங்மென் என்ற இடத்தில் தோண்டத் தொடங்கி, 2025 ஆகஸ்டில் கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம்மிடம் இருப்பது மதுரைக்குப் பக்கத்தில் வடபழஞ்சியில் பரீட்சைக்காக வைத்த 85 டன் மாதிரிப் பொறி. ஐம்பதாயிரம் எங்கே, எண்பத்தைந்து எங்கே?

ஆகவே, விஞ்ஞானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மலைக்கு எவ்வளவு வெடி, தண்ணீர் எவ்வளவு, கல்லை எங்கே கொட்டுவது என்ற விவரங்களைத் தமிழில் அச்சடித்து, பொட்டிப்புரத்துச் சாவடியில் ஒருவர் உட்கார்ந்து படித்து, கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அதன் பிறகும் மலைக்கும் தண்ணீருக்கும் கேடு என்று தெரிந்தால் வேறு மலை பார்க்கட்டும். அதைச் செய்யாதவரையில், “ஆய்வுக்கூடம் வரப்போகிறது, விலை ஏறப்போகிறது, மனை வாங்கிப் போடு” என்று எவராவது போடிச் சந்தையில் சொன்னால், தோழர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வனவிலங்கு வாரியத்தின் சம்மதக் கடிதத்தைக் காட்டச் சொல்லவேண்டும்.