மூன்றாம் வகுப்பின் வண்டி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை, இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று திறக்கப்பட்டது. பின்னர் அது மேற்கே நீண்டு காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையை அடைந்தது. பாலாற்றங்கரையில் பதனிட்ட தோலைச் சென்னைக்கு ஏற்றிச்சென்ற அப்பாதையே, தோலைப் பதனிட்ட தொழிலாளியையும் சுமந்தது. சரக்கிற்குக் கிடைத்த கவனம் அவருக்குக் கிடைத்ததா என்பது ஐயமே.

ஆங்கிலேயர் ஆட்சியில் பயணிகள் கட்டண வருவாயின் பெரும்பகுதியை ஈட்டித் தந்தவர்கள் மூன்றாம் வகுப்பினர். எனினும், வசதிகள் மேல்வகுப்பினருக்கே வாய்த்தன. பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தியடிகள், அப்பெட்டிகளின் நெரிசலையும் அழுக்கையும் 1917இல் விரிவாக எழுதினார். முதல் வகுப்பின் கட்டணம் ஐந்து மடங்கிற்கும் மேல். ஆனால், அதன் வசதியில் பத்தில் ஒரு பங்கேனும் ஏழைக்குக் கிட்டுகிறதா என்பது அவர் எழுப்பிய வினா.

விடுதலைக்குப் பின் அவ்வினாவிற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று ஜனதா விரைவு வண்டி. ‘ஜனதா’ என்றால் மக்கள். அவ்வண்டியில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் மட்டுமே இருந்தன. விரைவு வண்டியின் சில பெட்டிகளில் நெருக்கியடித்துச் சென்றவருக்கு ஒரு முழு வண்டியே உரியதாயிற்று. எளியவர் மெதுவாகத்தான் செல்லவேண்டும் என்னும் எண்ணத்தை அது உடைத்தது. 1974இல் மூன்றாம் வகுப்பு என்னும் பெயரே நீக்கப்பட்டு, இரண்டாம் வகுப்பாயிற்று. பெயர் மாறிய அளவிற்கு இருக்கை மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆயினும், ஜனதா தொலைதூரம் செல்வோருக்கான வண்டி. அன்றாடம் வேலைக்குச் செல்பவருக்கு வேண்டியது வேகமன்று. தம் ஊரில் வண்டி நிற்பதே. விரைவு வண்டிகள் பலவும் காட்பாடியை விட்டால் ஜோலார்பேட்டையில்தான் நிற்கின்றன. வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், விண்ணமங்கலம் ஆகிய சிற்றூர் நிலையங்களுக்குப் ‘பாசஞ்சர்’ வண்டியே கதி. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வருபவர்கள். அவர்களுக்கு இரயில் கட்டணம் என்பது கூலியிலிருந்து கழியும் தொகை.

இதனைக் கொரோனாக் காலம் தெளிவாகக் காட்டியது. நிறுத்தப்பட்ட பாசஞ்சர் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, விரைவு வண்டிக்குரிய கட்டணம் அவற்றில் வாங்கப்பட்டது. 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாயாயிற்று. நாள்தோறும் சீட்டெடுத்துச் சென்று திரும்பும் ஒருவருக்கு 20 ரூபாய்ச் செலவு 60 ரூபாயாகும். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் கூடுதற்சுமை 1000 ரூபாய். வண்டியும் பாதையும் அவையே. நின்ற நிலையங்களும் அவையே. பெயர்ப்பலகையை மாற்றிக் கூலியில் கைவைத்த இச்செயலை நிருவாகச் சிக்கனம் என்று கூறுவது பொருந்தாது. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கூடுதலாகச் செலுத்திய பணம் எவருக்கும் திரும்பவில்லை.