சுண்டைக்காயும் சுமைகூலியும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் முன்னோர் வாக்கு. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் மாணவர்கள் இதனை அடிக்கடி எண்ணிப் பார்த்தல் நன்று.

ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடைபெறும் பல ஓட்டங்களை இழைகள் என்கிறோம். இரண்டு இழைகள் ஓர் எண்ணை ஒரே சமயத்தில் மாற்ற முயன்றால் கணக்குப் பிழையாகும். அதைத் தடுக்கவே பூட்டுகள். 1960-களில் டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா இதற்கு ஒரு வழி கண்டு, புகைவண்டிப் பாதைக் கைகாட்டியின் பெயரால் 'செமஃபோர்' என்று அழைத்தார்.

பூட்டின் பயனை நாம் கற்கிறோம். அதன் விலையைக் கற்பதில்லை. இக்குறை நீங்க வேண்டும் என்பதே என் கருத்து.

விலை யாது? முதலாவது, இடம். 64 பிட் லினக்ஸில் வழக்கமான மியூட்டெக்ஸ் பூட்டு ஒன்று 40 பைட் கொள்ளும். அது காக்கும் எண்ணோ பல வேளைகளில் வெறும் 4 பைட்! பத்து இலட்சம் எண்களுக்குத் தனித்தனியே பூட்டிட்டால் பூட்டுகளுக்கு மட்டும் 4 கோடி பைட் போய்விடும்.

இரண்டாவது, காலம். 2002-இல் லினக்ஸுக்கு வந்த ஃபியூடெக்ஸ் முறையில், போட்டியில்லாத பூட்டுக்கு இயக்கமுறைமையின் கருவான கெர்னலை நாட வேண்டியதில்லை. ஆனால் பூட்டை வேறோர் இழை பிடித்திருந்தால், காத்திருக்கும் இழையை உறங்கவைக்கவும் எழுப்பவும் கெர்னல் வந்தாக வேண்டும். உறங்காமல் காத்திருக்கும் சுழல் பூட்டோ, அந்நேரம் முழுதும் செயலியை வீணே உழைக்கச் செய்யும்.

நானும் ஆய்வகத்தில் தவறு செய்தவனே. பத்து இலட்சம் எண்களை நான்கு இழைகள் கூட்ட, ஒவ்வொரு கூட்டலுக்கும் பூட்டித் திறந்தேன். விடை சரி, ஆனால் ஒற்றை இழை நிரலைவிட மெதுவாக ஓடியது! பின்னர், ஒவ்வோர் இழையும் தன் பங்கைத் தனியே கூட்டி, இறுதியில் ஒருமுறை மட்டும் பொதுத்தொகையில் சேர்க்கும்படி மாற்றினேன். பத்து இலட்சம் பூட்டல்கள் நான்காகக் குறைந்தன.

அப்படியானால் பூட்டே வேண்டாமா? அன்று. பூட்டில்லாததால் வரும் பிழை ஒருநாள் தோன்றும், மறுநாள் மறையும்; தேடிப் பிடிப்பது அரிது. வேகத்துக்காகச் சரியான விடையைப் பலியிடலாகாது. பகிர்வைக் குறைத்தால் பூட்டு தானே குறையும்.

ஆய்வகப் பதிவேட்டில் விடையோடு, நிரல் ஓடிய நேரத்தையும் பூட்டிய தடவைகளையும் எழுதும் வழக்கம் வரட்டும். நண்பர்களே, சுமைகூலியைக் கேட்டறிந்த பின்னரே சுண்டைக்காய் வாங்குவோம்!