ஆள ஒரு தெருகூட இல்லை, ஆனாலும் இளவரசர்: ஆற்காடு பட்டம் இன்னும் தேவையா?

ராயப்பேட்டை பாரதி சாலையில் இருக்கும் அமீர் மகாலைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள். உள்ளே வசிப்பவர் ஆற்காடு இளவரசர். அவருக்கு ஆட்சி இல்லை, ஆற்காட்டிலும் வேலை இல்லை. ஆனால் மத்திய அரசின் ஓய்வூதியம் உண்டு. அரசு விழாக்களின் வரிசைமுறையில் மாநில அமைச்சருக்கு நிகரான இடமும் உண்டு.

மன்னர் மானியம்தான் ஒழிஞ்சுபோச்சே?

ஆமாம், 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் அதை ஒழித்தது. ஆனால் அது, சுதந்திரத்தின்போது சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த புதுக்கோட்டை போன்ற மன்னர்களுக்கானது. ஆற்காடு குடும்பத்திடம் அப்போது இணைக்க நாடே இல்லை. அதனால் சட்டம் அவர்களைத் தொடவில்லை.

நாடு எப்படிப் போனது?

கடனில்தான். 1768-ல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டிய நவாப் முகமது அலி வாலாஜா, கம்பெனிக்காரர்களிடமே வட்டிக்கு வாங்கினார். அந்தக் கடன் 1785-ல் லண்டன் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. 1801-ல் நிர்வாகம் மொத்தமும் கம்பெனி கைக்குப் போனது. 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும், நவாப் பட்டமும் போச்சு. அவருடைய சித்தப்பா அசீம் ஜா விடாமல் உரிமை கோர, 1867-ல் விக்டோரியா அரசி பரம்பரை ஓய்வூதியத்தோடு 'அமீர்-இ-ஆற்காடு' என்ற பட்டத்தைக் கொடுத்தார்.

ஜெர்மனி என்ன செய்தது?

அங்கேயும் இதே கதைதான். நெப்போலியன் காலத்தில், 1803 முதல் 1806 வரை, ஏராளமான குட்டி சமஸ்தானங்களைப் பெரிய அண்டை நாடுகள் விழுங்கின. நாட்டை இழந்த குடும்பங்களுக்கு 1815-ல் அந்தஸ்து மட்டும் உறுதிசெய்யப்பட்டது. 1919-ல் வைமார் அரசியல் சட்டம் பிறப்பால் வரும் சலுகைகளை ஒழித்தது. 'இளவரசர்' என்பது பெயரின் ஒரு பகுதி ஆனது, அவ்வளவுதான்.

இங்கே என்ன செய்யலாம்?

பட்டத்தை ஆதரிப்பவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. ஓய்வூதியம் சலுகை அல்ல, பறித்த நாட்டுக்கான ஈடு. பிரிட்டிஷாரிடமிருந்து ஆட்சியை வாங்கிக்கொண்ட குடியரசு, அவர்கள் தந்த வாக்கை மட்டும் உதறுவது சரியல்ல.

ஆனால் ஈடு வேறு, அந்தஸ்து வேறு. அரசு பட்டம் வழங்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு. 1867-ன் பட்டம் அதற்கு முந்தையது என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் இன்று விழா மேடையில் அமைச்சருக்கு நிகராக நாற்காலி போடுவது விக்டோரியா அல்ல, நம் அரசு. வாக்கு வாங்கி வந்தவருக்கும் பிறப்பால் வந்தவருக்கும் ஒரே வரிசை என்பது குடியரசுக்குப் பொருந்தாது. இது அந்தக் குடும்பத்தின் மீதான குறை அல்ல. அரசு தானே திருத்த வேண்டிய வழக்கம்.

பணம் தொடரட்டும், பெயரும் இருக்கட்டும், வரிசை மட்டும் போகட்டும். கூடவே, பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் அமீர் மகாலை வருடத்தில் சில நாட்களாவது மக்களுக்குத் திறந்துவிடலாம். வாலாஜா சாலையில் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்களுக்கு, அந்த வாலாஜா யார் என்று தெரிய வேண்டாமா?