வெல்டிங் தெரியும், சான்றிதழ் இல்லை: செலவை யார் ஏற்பது?

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில், உயரத்தில் இருந்த இரும்பு அமைப்பு சரிந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பெரும்பாலானோர் அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். முதலமைச்சர் தலா 10 இலட்சமும் பிரதமர் தலா 2 இலட்சமும் அறிவித்தார்கள். சில நாட்கள் பேசப்பட்டது, பிறகு செய்தி ஓய்ந்துவிட்டது. விபத்தின் காரணத்தைச் சொல்வது விசாரணை செய்வோரின் பொறுப்பு. டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை வாழும் நம் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த உயரத்தில் ஏறுகிற ஒருவருக்கு அந்த வேலை தெரியும் என்று சோதித்துச் சான்று தருவது யார்? அதற்கான செலவை ஏற்பது யார்?

மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஹெல்ப்பராகச் சேர்ந்தவர்கள். மாமாவோ மச்சானோ கையில் ஹோல்டரைக் கொடுத்துப் பழக்கியிருப்பார். பத்து வருடம் கழித்து அவர் நல்ல வெல்டர், நல்ல ஃபிட்டர், நல்ல ரிக்கர். ஆனால் கையில் இருப்பது கேட் பாஸ் மட்டுமே. ஒப்பந்ததாரர் மாறினால் மறுபடியும் ஹெல்ப்பர் கூலியிலிருந்து பேச்சு தொடங்குகிறது.

சான்று கொடுக்கும் முறை நம் நாட்டில் தெரியாத ஒன்றல்ல. கொதிகலன் விதிகளின்படி உயர் அழுத்த நீராவிக் குழாயை ஒட்டுகிற வெல்டர் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அவர் ஒட்டிய துண்டைச் சோதித்துப் பார்த்த பிறகே சான்று கிடைக்கும். இந்தத் துறைக்கென்றே திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குழாயின் விஷயத்தில் இவ்வளவு கவனம்! அந்த வெல்டர் ஏறி நிற்கும் சாரத்தைக் கட்டுகிறவரும் தேர்வு எழுதிச் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற கண்டிப்பை நாம் நடைமுறையில் காண்பதில்லை. சாரம் கட்டுவதைப் பொறுப்பானவர் மேற்பார்வையிட வேண்டும் என்று விதி சொல்கிறது. கட்டுகிறவரின் திறமை ஃபோர்மேனின் கண் மதிப்பீட்டில் நிற்கிறது.

வெளிநாட்டுக்குப் போகும்போதுதான் நம்மவர்களுக்குச் சான்றிதழ் நினைவு வருகிறது. சிங்கப்பூருக்கு ‘டெஸ்ட் அடிக்க’ வேண்டும் என்று நகையை அடகு வைக்காத குடும்பங்கள் குறைவு. அங்கே உயர்திறன் பெற்ற கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 2024 ஜனவரி முதல் 500 வெள்ளி. அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவருக்கு 900 வெள்ளி. ஒருவரின் திறமைக்குச் சான்று இருந்தால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சமாகிறது, இங்கே டெஸ்டுக்குக் கடன் வாங்குவதோ தொழிலாளி. சவூதி அரேபியாவும் இப்போது வெல்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்ற வேலைகளுக்கு இந்தியாவிலேயே திறன் சோதனை நடத்தித்தான் விசா தருகிறது. முன்பு ஏஜெண்டின் வாய்ச்சொல் போதுமாக இருந்தது. இந்த மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் நம் வருத்தம்.

பிரிட்டனில் மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றைக் கட்டும் தொழிலுக்கென்றே தனிப் பயிற்சி வாரியம் உண்டு. நிறுவனங்களிடம் சட்டப்படி தீர்வை வசூலித்து, அதிலிருந்து பயிற்சிக்கும் தகுதிச் சோதனைக்கும் உதவுகிறார்கள். அப்படி ஒரு நிதி நம் நாட்டிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு செஸ் வசூலிக்கப்பட்டு வந்தது. மின் நிலையங்கள் கட்டும் நிறுவனங்கள், ‘நாங்கள் தொழிற்சாலைச் சட்டத்தில் வருகிறோம், இது எங்களுக்குப் பொருந்தாது’ என்று வாதாடிப் பார்த்தன. 2016இல் லான்கோ அன்பரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உற்பத்தி தொடங்கும் முன் நடப்பது கட்டுமானமே என்றது. அந்தச் செஸ் பணம் என்ன ஆனது? 2018 மார்ச்சில் அதே நீதிமன்றம் வேறொரு தீர்ப்பில், நாடு முழுவதும் வசூலான 37,400 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் சுமார் 9,500 கோடி மட்டுமே செலவழிக்கப்பட்டதைக் கண்டித்தது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் வகுப்பதையும் நல வாரியத்தின் பணியாகவே குறிப்பிடுகிறது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் பதிவு பெற்றவர்களுக்கு, பயிற்சி நாட்களில் இழக்கும் கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு 800 ரூபாய் தரும் ஒரு வாரப் பயிற்சியை ஏற்கெனவே அறிவித்திருக்கிறது. வெல்டரும் ஃபிட்டரும் வாரியப் பட்டியலில் உள்ள தொழில்கள்தாம். ஆனால் பதிவு வேண்டும். நம் மஹல்லாவில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது என்று ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் என்றால் எல்லாம் நல்லது என்றும் நாம் சொல்லவில்லை. அனுபவம் உள்ளவரைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் உண்டு. அத்திட்டத்தை ஆய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், சுமார் 95 இலட்சம் பேரின் பதிவுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ வெறும் பூஜ்ஜியமாகவோ இருந்ததை எடுத்துக்காட்டினார். சோதிக்காமல் தந்த சான்றும், காசு கொடுத்து வாங்கிய சான்றும் பொய்ச் சாட்சியத்தின் வகைதான். அதை நம்பிக் கீழே நிற்பவரின் உயிர் போகும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் பதிவான நபிமொழியின் கருத்து. ஃபுகஹாக்கள் இதை மற்றத் தொழில்களுக்கும் விரித்துப் பேசியிருக்கிறார்கள். மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தச் சொன்ன பெண்மணி சுட்டிய தகுதிகளும் வலிமையும் நம்பகமும்தாம். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கும் காலத்தில் நம் பைத்துல் மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வறிய தொழிலாளிக்கு அவருடைய தொழிற்கருவியை வாங்கும் அளவு ஸகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அல்மஜ்மூஉவில் விளக்குகிறார்கள். நாம் தையல் மிஷினும் தள்ளுவண்டியும் கொடுத்துப் பழகியவர்கள். ஒரு வெல்டருக்கு இன்று தேர்வுக் கட்டணமும் தொழிற்கருவிதான் என்பது நம் கருத்து. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஜமாஅத்துகள் தொகையைப் பயிற்சி நிலையத்துக்கு நேராகக் கட்டாமல் தொழிலாளியின் கையில் உரிமையாக்கிக் கொடுத்து, அவரையே கட்டச் செய்ய வேண்டும். பிற சமயத்து அண்டை வீட்டாருக்குப் பொது சதகாவிலிருந்து தரத் தடையில்லை. தொழிலாளியின் செலவை நாம் ஏற்பது ஒப்பந்ததாரரின் கடமையை ரத்து செய்துவிடாது. வேலைக்கு ஆள் எடுக்கும் நம் சமுதாய ஒப்பந்ததாரர்கள், சான்று பெற்றவருக்குக் கூலியை உயர்த்துவதை முதலில் தங்கள் ஆட்களிடம் தொடங்கட்டும்.

ரமளானுக்கு முன் ஸகாத் விண்ணப்பப் படிவம் அச்சடிக்கும் நிர்வாகிகள் அதில் மூன்று வரிகளைச் சேர்க்கலாம்: உங்கள் தொழில் என்ன, எத்தனை வருட அனுபவம், வாரிய அட்டை உண்டா. அட்டை இல்லாதவர்களுக்குப் பதிவு செய்து கொடுக்க, கணினி தெரிந்த இரண்டு இளைஞர்களைப் பள்ளிவாசல் வராந்தாவில் ஞாயிறு அஸர் முதல் மக்ரிப் வரை உட்கார வைத்தால் போதும்.