டீஸல் புகையும் குடியானவர் வீட்டுக் குழந்தைகளும்

டீஸல் புகை என்றவுடன் பட்டணத்துச் சாலைகளே பலருடைய மனத்தில் தோன்றுகின்றன. கிராமத்தில் காற்றோட்டத்திற்குக் குறைவில்லை, புகை எழுந்தாலும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பது பெரும்பாலான குடியானவர்களின் அபிப்பிராயம். வெட்டவெளியைப் பொறுத்தவரையில் அது வாஸ்தவமே. ஆனால் குழந்தைகள் எப்பொழுதும் வெட்டவெளியிலேயே இருப்பதில்லை. மின்சார இணைப்பு இல்லாத கிணற்றில் டீஸல் எஞ்சின் இறைத்துக்கொண்டிருக்க, தகப்பனாருக்குச் சோறு கொண்டுவந்த சிறுவன் வெயிலுக்கு ஒதுங்குவது அந்த எஞ்சின் கொட்டகையில்தான். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்ற வந்த டிராக்டர், எஞ்சினை நிறுத்தாமலேயே பள்ளிக்கூடச் சன்னலுக்கு வெளியே அரைமணி நேரம் நிற்கிறது. புகைபோக்கிக்கும் குழந்தையின் மூக்கிற்கும் நாலு முழம் இடைவெளி இருக்கையில், ஊர்க்காற்றின் பெருமையைப் பேசிப் பயன் இல்லை.

இப்புகையில் கண்ணுக்குத் தெரியும் கரி ஒரு பகுதியே. எண்ணெய் சரிவர எரியாமையால் உண்டாகும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. தலைமயிரின் பருமனோ சுமார் 50 முதல் 70 மைக்ரான் ஆகும். மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் இவை நுரையீரலின் கடைசி அறைகள் வரை சென்று படிகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ஆம் ஆண்டில் டீஸல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயமானவற்றின் வரிசையில் சேர்த்தது.

பெரியவருக்கும் குழந்தைக்கும் இதில் உள்ள வித்தியாசம் கவனிக்கத் தக்கது. ஐந்து வயதுக் குழந்தை நிமிஷத்திற்கு இருபது தடவைக்கு மேல் மூச்சு விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவரைவிட அதிகக் காற்றை உட்கொள்கிறது. அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்து முடியவில்லை. நாற்றுப் பருவத்தில் பட்ட சேதம் கதிரில் தெரியும் என்பதைக் குடியானவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பள்ளிக் குழந்தைகளின் மூச்சு வலிமையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வசித்த குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சி, 1,500 மீட்டருக்கு அப்பால் வசித்தவர்களினதைவிடக் குறைந்திருந்தது என 2007-இல் வெளியிட்டார்கள். அச்சாலைகளின் புகை முழுவதும் டீஸல் புகை அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பகுதியில் காற்று சீர்ப்பட்ட பிறகு கண்டது இன்னும் முக்கியமானது. 15 வயதில் மூச்சு வலிமை குன்றியிருந்த பிள்ளைகள் 100-க்கு 7.9 என்றிருந்தது 3.6 ஆகக் குறைந்ததாக 2015-இல் அறிவித்தார்கள்.

அத்தனை பெரிய ஏற்பாடுகள் கிராமத்தில் எவ்வாறு கூடும் என்று கேட்கலாம். சர்க்கார் தன் பங்கில் ஓரளவு செய்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து டீஸலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. 2023-இல் டிராக்டர்களுக்கு வந்த கடுமையான புகை விதியோ 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றையே கட்டுப்படுத்திற்று. சிறு குடியானவர் வைத்திருப்பது பெரும்பாலும் அதற்குக் குறைந்தது. ஆகவே பழைய எஞ்சின்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன. அவற்றை வைத்திருப்பவரே கவனித்தாலன்றி வேறு வழியில்லை.

எஞ்சின் கரும்புகை கக்குவது பலத்தின் அடையாளம் என்று எண்ணுவோர் இன்னமும் உண்டு. அது காசு எரியாமல் வெளியேறுவதன் அடையாளம். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும், அல்லது நாசில் பழுதாயிருக்கும், அல்லது தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றப்பட்டிருக்கும். மெக்கானிக்கைக் கொண்டு இவற்றைச் சீர்செய்தால் எண்ணெய்ச் செலவும் குறையும். புகை கண்ணுக்குத் தெரியாமற் போனாலும் தீங்கு முற்றும் நீங்குவதில்லை. ஆதலால் புகைக்குழாயைக் கொட்டகையின் கூரைக்கு மேலே உயர்த்தி, வீடும் நடைபாதையும் இல்லாத பக்கம் திருப்பிவிடுவது அவசியம். பிள்ளைகளை அக்கொட்டகையில் உட்காரவோ உறங்கவோ விடலாகாது. வசதியுள்ளவர்கள் சூரியசக்திப் பம்புக்கு மாறுவதைப் பற்றியும் யோசிக்கலாம். 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் குஸும் திட்டத்தில் அதன் செலவுக்கு மத்திய அரசு 30 சதவிகிதமும் மாநில அரசு 30 சதவிகிதமும் உதவுவதாக வகுக்கப்பட்டது.

நின்ற வண்டியின் எஞ்சினை ஏன் நிறுத்துவதில்லை என்று டிரைவரைக் கேட்டால், பாட்டரி பலவீனம், மறுபடி கிளப்ப முடியாது என்பார். பாட்டரி கெட்டால் மாற்ற வேண்டியது பாட்டரியை. அதன் விலையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் மூச்சால் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கல்விச்சாலையைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வண்டிப் புகைக்கும் அத்தகைய எல்லை ஒன்றை ஊரார் தாமே வகுத்துக்கொள்வதில் தவறென்ன? பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் உள்ள தெருவில் டிராக்டர், லாரி, அறுவடை இயந்திரம், பள்ளி வேன் எதுவும் நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிடலாகாது என ஊராட்சி ஒரு தீர்மானம் செய்யலாம். ஆகஸ்டு 15-ந் தேதி கிராம சபையில் இதை வைத்துவிட்டால், சம்பா அறுவடைக்கு இயந்திரங்கள் ஊருக்குள் வரும் தை மாதத்திற்கு முன் வண்டிக்காரர்களிடமும் இயந்திர ஏஜெண்டுகளிடமும் சொல்லிவைக்கப் போதிய அவகாசம் இருக்கும். மூட்டை ஏற்றும் இடத்தைப் பள்ளிச்சுவர் ஓரத்திலிருந்து களத்துமேட்டுப் பக்கம் மாற்றுவதற்குத் தீர்மானங்கூடத் தேவையில்லை. கிராம அதிகாரியும் நாலு மிராசுதாரர்களும் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்து இடம் குறித்தால் போதும்.